எட்டு மணி விவாதமும் பாய் கடை மளிகையும்

கேள்வி: விருதுநகர் மாவட்டக் கிராமம் ஒன்றில் வசிக்கிறோம். நான் அரசுப் பள்ளி ஆசிரியை. மாமனாருக்கு 71 வயது. தபால்காரராக இருந்து ஓய்வு பெற்றவர். அத்தை காலமானதிலிருந்து, மாலை ஏழு மணிக்கு டிவி முன்னால் உட்கார்ந்தால் பத்து மணி வரை செய்திச் சேனல் விவாதங்கள்தான். சத்தத்தை முழுசாக வைத்துவிட்டு, திரையைப் பார்த்து இவரும் கத்துகிறார். கொரோனா சமயத்தில் டிவியில் சொன்னதைக் கேட்டு, காலங்காலமாகப் பழகிய பாய் கடைக்குப் போவதை நிறுத்தினார். இன்றுவரை அவர்களுக்குள் பேச்சில்லை. கேபிளை வெட்டிவிடலாம் என்கிறார் என் கணவர். எட்டாம் வகுப்புப் படிக்கும் மகனோ, “ஆமாவா, இல்லையா? ஒரே வார்த்தையில சொல்லுங்க” என்று நெறியாளர் மாதிரியே எங்களை மடக்குகிறான். இது மாமாவின் வயசுக் கோளாறா, டிவி செய்யும் வேலையா? இந்தச் சேனல்களைத் தட்டிக் கேட்க ஆளே இல்லையா?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு வணக்கம்.

கேபிளை வெட்ட வேண்டாம் என்று முதலில் உங்கள் கணவரிடம் சொல்லுங்கள். மனைவியை இழந்த பெரியவரின் கையிலிருந்து ரிமோட்டைப் பிடுங்கினால் அது அவரை அவமானப்படுத்துவதாகத்தான் முடியும். பலனும் இருக்காது. அடுத்த வாரமே செல்போனில் யூடியூபைத் திறந்துவிடுவார். ஒரு மணி நேர விவாதத்தில் படுமோசமான இரண்டு நிமிடத்தை வெட்டி, அதைவிட மோசமான தலைப்போடு அங்கே போட்டிருப்பார்கள். கூடத்தில் டிவி ஓடினால் அவர் என்ன பார்க்கிறார் என்று வீட்டில் எல்லாருக்கும் தெரியும். போன் என்றால் அதுவும் தெரியாது.

நான் மருத்துவன் அல்ல. செய்திச் சேனல்களின் டெஸ்க்கில் பல காலம் வேலை பார்த்துவிட்டு இப்போது இதழியல் கற்பிக்கிறேன். ஆனாலும் சத்தத்தை முழுசாக வைக்கிறார் என்று எழுதியிருப்பதால் சொல்கிறேன்: அவரைக் காது டாக்டரிடம் ஒரு தடவை காட்டுங்கள். காது மந்தமானவர்களுக்கு வீட்டுப் பேச்சில் பாதி பிடிபடாது. திரும்பத் திரும்பக் கேட்கவும் கூச்சம். அவர்களுக்கு வேண்டிய சத்தத்தில் சலிக்காமல் பேசுவது டிவி ஒன்றுதான். அத்தை இருந்தவரை அவரிடம் உரக்கப் பேச ஒருவர் இருந்திருப்பார். தூக்கமும் ஞாபகமும் மாறியிருந்தால் அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள். வயதின் பங்கு அவ்வளவுதான். மீதி டிவியின் வேலை என்பது என் எண்ணம்.

மாமா பார்க்கும் விவாதம் எப்படித் தயாராகிறது தெரியுமா? தலைப்பு பிற்பகலுக்குள் முடிவாகிவிடும். கெஸ்ட் கோஆர்டினேட்டர் என்று ஒருவர் இருப்பார். கட்சிவாரியாக, அமைப்புவாரியாக அவரிடம் ஒரு போன் பட்டியல் உண்டு. விஷயம் தெரிந்தவருக்கு முதல் போன் போகாது. விட்டுக்கொடுக்காமல் மோதுகிறவருக்குத்தான் போகும். “அது கொஞ்சம் சிக்கலான விஷயம், இரண்டு பக்கமும் நியாயம் இருக்கு” என்று நிதானமாகப் பேசும் பேராசிரியரை ஒரு தடவை கூப்பிடுவார்கள், மறுபடி கூப்பிட மாட்டார்கள். ஒளிபரப்பு நேரத்தில் நெறியாளரின் காதில் ஒரு சின்னக் கருவி இருக்கும். பி.சி.ஆர். என்று நாங்கள் சொல்லும் கட்டுப்பாட்டு அறையிலிருந்து தயாரிப்பாளர் அதில் பேசிக்கொண்டே இருப்பார். இரண்டு பேர் ஒரே நேரத்தில் கத்தத் தொடங்கினால், “நிறுத்தாதீங்க, ஓடட்டும்” என்று காதில் உத்தரவு வரும். மாமாவுக்கு ரத்தம் கொதிக்கும் அந்த நிமிடம் தற்செயலாக வந்ததல்ல.

ஏன் இப்படி என்றால் எல்லாரும் டி.ஆர்.பி., அதாவது எந்தச் சேனலை எவ்வளவு பேர் பார்க்கிறார்கள் என்ற கணக்கு, என்பார்கள். அது பாதி உண்மை. நாட்டில் டிவி உள்ள வீடுகள் 21 கோடி என்பது, அந்தக் கணக்கை எடுக்கும் பார்க் (BARC) அமைப்பின் 2020 மதிப்பீடு. யார் எதைப் பார்க்கிறார்கள் என்று அளக்கும் மீட்டர் பொருத்திய வீடுகளோ 50,000-ஐ ஒட்டித்தான். மாதிரி எடுத்து அளப்பது தவறில்லை. ஆனால் ஒரு மொழியில், ஒரு மாநிலத்தில், செய்திச் சேனலை மட்டும், அதுவும் எட்டு மணிக்குப் பார்ப்பவர்கள் என்று பிரித்துக்கொண்டே போனால் மிஞ்சும் வீடுகள் சொற்பம். சில வீடுகளில் ரிமோட் மாறினாலே சேனலின் இடம் மாறிவிடும். 2020 அக்டோபரில் மும்பை போலீஸ் டி.ஆர்.பி. முறைகேட்டு வழக்குப் போட்டதும், செய்திச் சேனல்களின் வாராந்தர எண்களை பார்க் நிறுத்தி வைத்தது. அவை மீண்டும் வந்தது 2022 மார்ச்சில். அந்த ஏறத்தாழ ஒன்றரை ஆண்டும் எண்ணே கிடையாது. கூச்சல் குறைந்ததா? இல்லை.

காரணம், விவாதம்தான் இருப்பதிலேயே மலிவான சரக்கு. ஒரு நிருபரையும் ஒளிப்பதிவாளரையும் ராமநாதபுரத்துக்கு வண்டி வைத்து அனுப்பி, கண்மாய் வறண்டதைப் பற்றி மூன்று நிமிடச் செய்தி எடுக்க ஒரு நாளும் அதற்கான செலவும் ஆகும். விவாதத்துக்கு ஒரு நெறியாளர், ஒரு மேஜை போதும். கட்சிப் பேச்சாளர்கள் சம்பளம் கேட்பதில்லை. கொரோனாவுக்குப் பிறகு பலரும் வீட்டிலிருந்தே இணையத்தில் பேசிவிடுவதால் காருக்கும் செலவில்லை. இந்தச் செலவில் ஒரு மணி நேரம் நிரம்பிவிடுகிறது. மாவட்டத்தில் செய்தி சேகரிப்பவர்களில் பலர் செய்திக்கு இவ்வளவு என்று காசு வாங்கும் ஸ்ட்ரிங்கர்கள். அவர்கள் அனுப்புவதில் பெரும்பகுதி திரையின் அடியில் ஓடும் ஒரு வரியாகப் போய்விடும். நாடு ராத்திரிக்கு ராத்திரி பற்றி எரிவதால் மாமா அந்தச் சண்டையைப் பார்க்கவில்லை. நிருபரை அனுப்பக் காசு செலவழிக்காத இடத்தைச் சண்டை நிரப்புகிறது. இதை அவருக்குப் புரியவைக்க முடிந்தால் பாதி வேலை முடிந்தது.

தமிழ்நாட்டில் இதற்கு இன்னொரு அடுக்கும் உண்டு. 1975-ல் சென்னை தூர்தர்ஷன் வந்தது முதல் 1993 ஏப்ரலில் சன் டிவி தொடங்கும்வரை நாம் பார்த்தது அரசு காட்டியதை மட்டும். அந்தக் காலம் பொற்காலம் என்று நான் சொல்ல மாட்டேன். அரசுக்குப் பிடிக்காத செய்தி அங்கே வராது. தனியார் வந்ததும் கதவு திறந்தது. திறந்தவுடன் அரசியல் குடும்பங்களும் கட்சிகளும் உள்ளே வந்து உட்கார்ந்தன. சன், ஜெயா, மக்கள், கலைஞர், கேப்டன் என்று, ஒரு சேனலின் பெயரைக் கேட்டதுமே அது எந்தப் பக்கம் என்று சொல்லிவிடும் நிலை வேறு மாநிலங்களில் இந்த அளவுக்கு இல்லை. 2001 ஜூன் 30 அதிகாலையில் கருணாநிதி கைது செய்யப்பட்டது மாமாவுக்கு நன்றாக நினைவிருக்கும். சன் டிவி ஒரு காட்சியைத் திரும்பத் திரும்பப் போட்டது. ஜெயா டிவி வேறு காட்சிகளைப் போட்டது. ஒரே இரவு, ஒரே வீடு, ஒரே கைது. எந்தச் சேனல் வந்ததோ அந்த உண்மைதான் அந்த வீட்டுக்குக் கிடைத்தது. கட்சிகளுக்கும் அவை சார்ந்த அமைப்புகளுக்கும் ஒளிபரப்பு உரிமம் தரக் கூடாது என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2008-லும் 2012-லும் பரிந்துரைத்தது. யாரும் கண்டுகொள்ளவில்லை.

அதே காலத்தில் இன்னொரு மாற்றமும் நடந்தது. அதைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. முன்பு ஊருக்கு ஒரு பஞ்சாயத்து டிவி, தெருவுக்கு ஒரு டிவி வீடு. திண்ணையில் உட்கார்ந்து சேர்ந்து பார்ப்பார்கள். செய்தி ஓடும்போதே பக்கத்தில் இருப்பவர் “போய்யா, அப்படியெல்லாம் இல்ல” என்பார். 2006-ல் தொடங்கிய இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டம் ஒன்றரைக் கோடிக்கு மேற்பட்ட வீடுகளுக்கு டிவி கொண்டுபோனது. ஏழை வீட்டுப் பெண்கள் அடுத்த வீட்டு வாசலில் நின்று எட்டிப் பார்க்க வேண்டாமென்று ஆனதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் டிவி வீட்டுக்குள் போனதும் மறுத்துப் பேசும் ஆள் வெளியே நின்றுவிட்டார். உங்கள் மாமா இப்போது தனியாகப் பார்க்கிறார். அவர் கத்துவதற்குப் பதில் சொல்ல அங்கே ஒருவரும் இல்லை. டீக்கடையிலும் அரசியல் சண்டை நடக்கும். ஆனால் நாளைக் காலையில் அதே ஆள் முகத்தில் விழிக்க வேண்டும் என்பதால் ஒரு எல்லையில் நின்றுவிடும். யாராவது ஒருவர் டீக்குக் காசு கொடுத்துவிட்டு எழுந்து போவார்.

டிவி கெடுதலை மட்டுமே செய்தது என்று சொன்னால் அது உண்மையாகாது. 2000-களின் தொடக்கத்தில் தமிழ்நாடு உட்பட இந்தியாவின் சில மாநிலங்களில் கேபிள் டிவி புதிதாக வந்த கிராமங்களை ராபர்ட் ஜென்சன், எமிலி ஆஸ்டர் என்ற இரு பொருளியலாளர்கள் ஆராய்ந்தார்கள். கேபிள் வந்த ஊர்களில் மனைவியை அடிப்பது சரி என்று சொல்லும் பெண்கள் குறைந்தார்கள். ஆண் குழந்தைதான் வேண்டும் என்ற விருப்பமும் குறைந்தது. வேறு விதமான வாழ்க்கையைத் திரையில் பார்த்ததே மனதை மாற்றியிருக்கும் என்று தோன்றுகிறது. மனதை மாற்றும் அந்தச் சக்தி சீரியலுக்கு இருக்கும்போது விவாதத்துக்கு இல்லாமல் போகுமா?

அமெரிக்காவில் ஜார்ஜ் கெர்ப்னர் என்ற அறிஞர் 1960-களின் கடைசியில் தொடங்கிப் பல ஆண்டுகள் இதைத் தொடர்ந்து ஆராய்ந்தார். அதிக நேரம் டிவி பார்ப்பவர்கள், உலகம் இருப்பதைவிட ஆபத்தானது என்றும் மனிதர்களை நம்ப முடியாது என்றும் நினைப்பதைக் கண்டார். டிவியால் பயம் வந்ததா, பயந்தவர்கள்தான் வீட்டிலிருந்து டிவி பார்க்கிறார்களா என்று அவரை மறுத்தவர்களும் உண்டு. உங்கள் வீட்டைப் பொறுத்தவரை இரண்டும் சேர்ந்தே நடக்கிறது என்று தோன்றுகிறது. ஊரில் ஒவ்வொரு வாசலுக்கும் கடிதம் கொண்டுபோனவர் இப்போது அந்த வாசல்களைத் திரை வழியாகப் பார்க்கிறார்.

பாய் கடை விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் கடிதத்தில் என்னை மிகவும் வருத்தியது அதுதான். 2020 மார்ச் இறுதியில், தப்லீக் ஜமாத் என்ற முஸ்லிம் மதப் பிரசார அமைப்பின் டெல்லி மாநாட்டில் கொரோனா பரவிய செய்தி வந்தபோது, ஒரு தொற்றுநோய்ச் செய்தி சில நாளில் ஒரு சமூகத்தின் மீதான குற்றச்சாட்டாக மாறியது. பல சேனல்கள் அதை அப்படித்தான் கொடுத்தன. அந்த ஆண்டு ஆகஸ்டில் மும்பை உயர் நீதிமன்றத்தின் அவுரங்காபாத் அமர்வு, மாநாட்டுக்கு வந்திருந்த வெளிநாட்டினர் சிலர் மீதான வழக்குகளை ரத்து செய்தது. அவர்கள் பலிகடா ஆக்கப்பட்டிருக்க வாய்ப்பு உண்டு என்றும், அச்சு ஊடகத்திலும் காட்சி ஊடகத்திலும் அவர்களுக்கு எதிராகப் பெரிய பிரசாரம் நடந்தது என்றும் தீர்ப்பில் சொன்னது. குற்றச்சாட்டு பல நாள் இரவெல்லாம் ஓடியது. தீர்ப்பு எத்தனை பேர் காதுக்குப் போனது? உங்கள் மாமாவுக்குப் போகவில்லை என்றுதான் நினைக்கிறேன். அதை அவரிடம் நேரம் பார்த்துச் சொல்லுங்கள், எட்டு மணிக்கு அல்ல.

ஆனால் அவரை மன்னிப்புக் கேட்கவைக்க முயல வேண்டாம். மாதச் சாமான் லிஸ்ட்டை எடுத்துக்கொண்டு நீங்களே பாய் கடைக்குப் போங்கள். அடுத்த மாதம் மகனை அனுப்புங்கள். மாமாவின் உடல்நலத்தை பாய் விசாரித்தால் அதை அப்படியே வந்து மாமாவிடம் சொல்லுங்கள். பழகிய மனிதர்களுக்கு நடுவில் வந்த விரோதம் பெரும்பாலும் வாதத்தால் தீர்வதில்லை. கொடுக்கல் வாங்கலால் தீரும்.

இனி மாலை நேரத்துக்கு வருவோம். வாரத்தில் இரண்டு நாளாவது அவரோடு உட்கார்ந்து பாருங்கள். எதிர்த்துப் பேசாதீர்கள். ஒன்றே ஒன்று கேளுங்கள்: “மாமா, இதுல பேசுறவங்கள்ல யாரு அந்த இடத்துக்கு நேர்ல போய்ப் பார்த்தவங்க?” பெரும்பாலான நாள்களில் ஒருவரும் இருக்க மாட்டார்கள். வாசல் வாசலாக நடந்து வேலை பார்த்த மனிதருக்கு இந்தக் கேள்வியின் அர்த்தம் யாரும் விளக்காமலே புரியும். செய்திக்கு டிடி தமிழின் செய்தி அறிக்கையையோ வானொலியின் மாநிலச் செய்தியையோ பழக்கப்படுத்துங்கள். அரசின் குரல் அதில் கேட்கும் என்பதைத் தெரிந்தே சொல்கிறேன். ஆனால் செய்தி செய்தியாக வரும், சீக்கிரம் முடியும்.

அவருக்கு ஒரு வேலையும் கொடுங்கள். 2019 அக்டோபரில் திருச்சி மாவட்டம் நடுக்காட்டுப்பட்டியில் இரண்டு வயதுக் குழந்தை ஆழ்துளைக் கிணற்றில் விழுந்து, 80 மணி நேரத்துக்கு மேல் கேமராக்கள் அந்தக் குழியைவிட்டு நகராமல் நின்றதை மாமாவும் பார்த்திருப்பார். தமிழ்நாடே அழுதது. கைவிட்ட ஆழ்துளைக் கிணறுகளை எப்படி மூட வேண்டும், அதற்கு யார் பொறுப்பு என்று உச்ச நீதிமன்றம் 2010-லேயே விதிமுறை கொடுத்திருந்தது. அதை ஊர் ஊராக யார் சரிபார்க்கிறார்கள் என்ற கேள்வியில் கண்ணீரும் சண்டையும் இல்லை. அதனால் அது எட்டு மணி மேஜைக்கு வருவது அரிது. எதைப் பற்றி நாம் யோசிக்க வேண்டும் என்பதை ஊடகம் தீர்மானிக்கிறது என்று மெக்கோம்ஸ், ஷா என்ற இருவர் 1968 அமெரிக்கத் தேர்தலை வைத்து எழுதியதை என் மாணவர்களுக்குப் பாடமாக நடத்துகிறேன். நடுக்காட்டுப்பட்டியைச் சொன்னால் அவர்களுக்கு அது உடனே விளங்கிவிடுகிறது.

உங்கள் ஊரில் மூடாமல் கிடக்கும் போர்வெல்கள் எத்தனை, எந்தக் காட்டில், யாருடையது? மாமாவைவிட நன்றாகச் சொல்லக்கூடியவர் இருப்பாரா? பேரனைக் கூட்டிக்கொண்டு காலை நேரத்தில் போய்ப் பார்த்து ஒரு நோட்டில் எழுதச் சொல்லுங்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று ஆண்டுக்கு ஆறு கிராம சபைக் கூட்டங்கள் உண்டு. அதில் மனுவாகக் கொடுத்து, தீர்மானப் புத்தகத்தில் ஏற்றச் சொல்லி, கையெழுத்துப் போட்டுவிட்டு வரச் சொல்லுங்கள். பதில் வராவிட்டால் 10 ரூபாய் கட்டணத்தில் தகவல் உரிமைச் சட்ட மனு போடலாம். விவாத மேஜையில் இருப்பவர்களுக்கு மாமாவின் குரல் கேட்காது. கிராம சபையில் கேட்டே ஆக வேண்டும். அந்தக் கூட்டத்துக்கு பாயும் வரக்கூடும்.

மகனைப் பற்றி எனக்கு அதிகக் கவலை இல்லை. எட்டாம் வகுப்பில் எதையாவது யாரையாவது பார்த்துச் செய்வார்கள். “ஒரே வார்த்தையில்” என்று கேட்டால், “இதுக்கு ஒரே வார்த்தையில பதில் கிடையாது, உட்காரு, அஞ்சு நிமிஷம் சொல்றேன்” என்று சொல்லுங்கள். நீங்கள் ஆசிரியை என்பதால் இன்னொன்றும் செய்யலாம். ஒரே செய்தியை இரண்டு சேனலும் ஒரு நாளிதழும் எப்படிச் சொல்கின்றன என்று வகுப்பில் எழுதிப் பார்க்கச் சொல்லுங்கள். பெரியவர்களைவிடப் பிள்ளைகள் சீக்கிரம் பிடித்துக்கொள்வார்கள்.

தட்டிக் கேட்க ஆள் இருக்கிறதா என்றால், இருக்கிறது, பலம் போதாது. வான் அலைகள் பொதுச் சொத்து என்று உச்ச நீதிமன்றம் 1995-லேயே சொன்னது. 2022 செப்டம்பரில் வெறுப்புப் பேச்சு வழக்கில், நெறியாளரின் பொறுப்பு முக்கியமானது, அரசு ஏன் வேடிக்கை பார்க்கிறது என்று கேட்டது. செய்திச் சேனல்கள் தாங்களே அமைத்துக்கொண்ட ஒழுங்காற்று அமைப்பு விதிக்கும் அபராதத்தின் உச்சம் 1 லட்சம் ரூபாய். அது எந்தச் சேனலுக்கும் வலிக்காது என்று 2023-ல் அதே நீதிமன்றம் கவலைப்பட்டது. நான் அதை முழுக்க ஒப்புக்கொள்கிறேன். அதே சமயம், அரசின் கையில் முழு அதிகாரத்தையும் கொடுப்பதை இன்னும் அதிகமாக அஞ்சுகிறேன். 1993-க்கு முந்தைய திரையை நான் மறக்கவில்லை.

அதற்காகப் புகார் வீண் என்று விட்டுவிடாதீர்கள். தப்லீக் செய்திகளுக்காகக் கன்னடச் செய்திச் சேனல்கள் மீது அந்த ஒழுங்காற்று அமைப்பு 2021 ஜூனில் நடவடிக்கை எடுத்தது. புகார் கொடுத்தது ஒரு குடிமக்கள் குழு.

கேபிள் டிவி விதிகளில் 2021-ல் வந்த திருத்தத்தின்படி முதல் புகார் சேனலுக்கே போக வேண்டும். ஒளிபரப்பாகி ஒரு வாரத்துக்குள் அனுப்பிவிடுங்கள். 24 மணி நேரத்தில் ஒப்புகையும், 15 நாளில் முடிவும் அவர்கள் தர வேண்டும். திருப்தி இல்லையென்றால் அடுத்த 15 நாளுக்குள், அந்தச் சேனல் உறுப்பினராக உள்ள ஒழுங்காற்று அமைப்புக்கு மேல்முறையீடு. அதற்கும் மேலே மத்திய அரசின் தகவல் ஒலிபரப்பு அமைச்சகம். “உங்கள் சேனல் மோசம்” என்று எழுதினால் எடுபடாது. தேதி, நிகழ்ச்சியின் பெயர், எத்தனை மணிக்கு எத்தனையாவது நிமிடத்தில் யார் என்ன சொன்னார், அது ஏன் பொய் அல்லது ஏன் ஒரு சமூகத்தை இழிவுபடுத்துகிறது, நெறியாளர் தடுத்தாரா இல்லையா என்று வரிசையாக எழுதுங்கள். ஒளிபரப்பின் பதிவைச் சேனல்கள் 90 நாள் பாதுகாக்க வேண்டும் என்பதால் “அப்படிச் சொல்லவே இல்லை” என்று அவர்கள் நழுவ முடியாது. தமிழிலேயே எழுதலாம். அனுப்பும் முன் எனக்கு ஒரு நகல் அனுப்பினால் பார்த்துத் திருத்தித் தருகிறேன்.